மலைக்கென்று ஒரு விக்கி

பழநி மலையின் செடிகொடிகளைப் பற்றி முழுதாகத் தெரிந்துகொள்ள நினைப்பவர் மலையேறிப் பயனில்லை. இறங்கித் திருச்சிக்குப் போக வேண்டும். அங்கே தூய வளனார் கல்லூரியின் ரபினாட் ஹெர்பேரியத்தில்தான், பாதர் கே.எம்.மேத்யூவும் அவர் குழுவினரும் இந்த மலையில் பறித்து, உலர்த்தி, தாளில் ஒட்டிவைத்த மாதிரிகள் இருக்கின்றன. அவர் எழுதிய பழநி மலைத் தாவர நூல் 1999இல் மூன்று பாகங்களாக, ஆங்கிலத்தில் வந்தது. கற்திட்டைகளைப் பற்றிப் படிக்க வேண்டுமா? பாதர் ஆங்லாடும் எல்.வி.நியூட்டனும் எழுதி, 1928இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்ட நூலைத் தேடிப் பிடிக்க வேண்டும். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1904 முதல் எடுத்துவரும் சூரியப் படங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை டிஜிட்டல் வடிவம் பெற்றுவிட்டன. அவற்றைப் பேணுவது பெங்களூரில் தலைமையகம் கொண்ட இந்திய வானியற்பியல் நிறுவனம். செண்பகனூர் அருங்காட்சியகம் மட்டும் மலையிலேயே இருக்கிறது. ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைப் பார்க்கலாம், அதன் பக்கத்தில் நமக்குத் தெரிந்ததை எழுதிச் சேர்க்க முடியாது.

இதெல்லாம் எழுதி வைக்கப்பட்டவற்றின் கதை. எழுதாமல் கிடப்பது இதைவிட அதிகம். பூம்பாறையிலும் கிளாவரையிலும் மலைப்பூண்டை எப்போது ஊன்றுகிறார்கள், விதைப்பூண்டை எப்படிப் புகை போட்டு வைக்கிறார்கள். தாண்டிக்குடிப் பக்கம் விருப்பாச்சி வாழையை நோய் எப்படித் தின்றது, எந்தத் தோட்டத்தில் அது தப்பியது. ஒரே மரத்துக்குப் பழங்குடியினரான பளியர் சொல்லும் பெயர் என்ன, மேல்மலை விவசாயி சொல்லும் பெயர் என்ன. எந்த ஊற்று எந்த ஆண்டில் வற்றியது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீட்டுக்கான விண்ணப்பத்தில் பயிரின் பெருமை இருக்கும். போன வருடம் அழுகல் நோய் எந்த வரப்பில் தொடங்கியது என்பதற்கு அதில் இடம் கிடையாது.

அந்த இடத்துக்குத்தான் விக்கி. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய பக்கங்கள், ஒவ்வொரு திருத்தத்துக்கும் தேதியிட்ட வரலாறு. வார்டு கன்னிங்ஹாம் என்ற அமெரிக்க நிரலாளர் 1995இல் முதல் விக்கியைத் திறந்தபோது அதன் நோக்கம், நிரல் எழுதுவோர் தங்கள் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்வது மட்டுமே. பிறகு அதே யோசனையில் விக்கிப்பீடியா எழுந்தது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் வந்தது.

'அப்படியானால் தமிழ் விக்கிப்பீடியாவிலேயே எழுதிவிடலாமே' என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. விக்கிப்பீடியா ஒரு கலைக்களஞ்சியம். ஏற்கெனவே வெளியான ஆதாரம் இல்லாத எதையும் அது ஏற்காது. கூக்கால் ஏரிக்கரையில் ஒரு ஆசிரியர் தன் கண்ணால் பார்த்ததை எழுதினால் 'சொந்த ஆய்வு' என்று நீக்கிவிடுவார்கள். அவர்கள் விதிப்படி அது சரியும்கூட. மலைக்கு வேண்டியது, கண்ணால் பார்த்ததை எழுத அனுமதிக்கும் விக்கி. விதியை நாம் வகுக்க வேண்டுமென்றால் சர்வரையும் நாமே நடத்த வேண்டியிருக்கும்.

தமிழில் இதற்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணத்தின் பொது நூலகம் 1981இல் சுமார் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. அந்த இழப்பை மறக்காத தலைமுறை 2005இல் தொடங்கியதுதான் 'நூலகம்' இணையத் தளம். ஈழத்து நூல்கள், இதழ்கள், கோயில் மலர்கள், சிறு பிரசுரங்கள் என்று எதையும் விடாமல் சேர்க்கும் அந்தத் தளம் இயங்குவது மீடியாவிக்கியில், அதாவது விக்கிப்பீடியாவுக்காக எழுதப்பட்டு இலவசமாகக் கிடைக்கும் அதே மென்பொருளில். ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஓர் எண், ஒரு பக்கம், 'வாசிக்க' என்று ஒரு தொடுப்பு, உள்ளடக்கப் பட்டியல். அலங்காரம் எதுவும் கிடையாது, இத்தனை வருடமாக நிற்கிறது. எழுத்தாளர் ஜெயமோகன் முன்னின்று 2022 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கிவைத்த 'தமிழ் விக்கி'யும் மீடியாவிக்கிதான். அங்கே ஆசிரியர் குழு பார்த்துத்தான் பதிவு இறுதியாகும். ஒரே மென்பொருள், மூன்று தளம், மூன்று விதமான சட்டதிட்டம்.

பழநி மலைக்கு விக்கி வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அது சட்டத்திலேயே இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதன் முதல் வேலை, ஊர்மக்களைக் கேட்டு மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை எழுதுவது. பல ஆண்டுகள் இது ஏட்டில் கிடந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31 என்று கெடு வைத்து, தவறும் மாநிலங்களுக்கு மாதம் 10 லட்ச ரூபாய் அபராதம் என்றதும் நாடெங்கும் பதிவேடுகள் மளமளவென்று எழுதி முடிக்கப்பட்டன. ஒரே ஊரின் பட்டியல் அடுத்த ஊருக்கும் நகலானதாகப் புகார்கள் எழுந்ததில் வியப்பில்லை. பதிவேடு என்பது வருடாவருடம் திருத்தி எழுத வேண்டியது. பைண்டு செய்து பீரோவில் வைத்தால் அதைத் திருத்துவார் யார்?

பெட்டிக்குள் என்ன நடக்கிறது

இனி சர்வருக்கு வருவோம். பதினைந்து வருடத்துக்கு முன் விக்கி நிறுவுவது பெரிய வேலை. லினக்ஸ், அதன்மேல் வெப் சர்வர், பிஎச்பி, தரவுத்தளம், இவற்றின் பதிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். ஒன்றைப் புதுப்பித்தால் மற்றொன்று படுத்துக்கொள்ளும். 2013இல் டாக்கர் வந்த பிறகு இது மாறியது. ஒரு மென்பொருளுக்குத் தேவையான கோப்புகள் எல்லாவற்றையும் ஒரே 'இமேஜ்' ஆகக் கட்டிவைத்து, அதை எந்த லினக்ஸ் இயந்திரத்திலும் தனிப்பட்ட எல்லைக்குள் ஓடவிடுவதுதான் கன்டெய்னர். முழுக் கணினியையும் போலியாக உருவாக்கும் வித்தை இது இல்லை. எல்லா கன்டெய்னரும் ஒரே லினக்ஸ் கருவைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. யார் யாரைப் பார்க்கலாம், யாருக்கு எவ்வளவு நினைவகம் என்று பிரித்துக் கொடுப்பது அந்தக் கருவின் வேலை. அதனால்தான் 2 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்பிலும் ஒரு சிறு விக்கி ஓடுகிறது.

செய்முறை இதுதான். டெபியன் அல்லது உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பை நிறுவுங்கள். டாக்கரை அதன் அதிகாரபூர்வ களஞ்சியத்திலிருந்து ஏற்றுங்கள். பிறகு 'கம்போஸ்' என்ற ஒரு சிறிய உரைக்கோப்பு. முப்பது வரி வராது. அதில் இரண்டு சேவைகள்: ஒன்று மீடியாவிக்கி, இன்னொன்று தரவுகளை வைத்திருக்கும் மரியாடிபி. எந்தப் பதிப்பு, என்ன பாஸ்வேர்டு, எந்தக் கோப்புறை வெளியே இருக்க வேண்டும் என்று எழுதி 'டாக்கர் கம்போஸ் அப்' என்று ஒரு கட்டளை கொடுத்தால் சில நிமிடத்தில் விக்கியின் முகப்பு திரையில் வந்து நிற்கும்.

வந்து நின்றதும் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். இடர்கள் அதற்குப் பிறகுதான். கன்டெய்னர், கொடைக்கானல் லாட்ஜ் அறை மாதிரி: காலி செய்தால் உள்ளே விட்டுவைத்தது எல்லாம் கூட்டித் தள்ளப்படும், வேண்டிய பொருளைக் கீழே லாக்கரில் வைத்திருந்தால் தப்பும். அந்த லாக்கருக்கு டாக்கரில் 'வால்யூம்' என்று பெயர். தரவுத்தளத்துக்கு வால்யூம் கொடுக்க எல்லோரும் நினைவு வைத்திருப்பார்கள். பதிவேற்றிய படங்கள் சேரும் கோப்புறைக்குக் கொடுக்கத்தான் மறப்பார்கள். கன்டெய்னரைப் புதுப்பிக்கும் நாளில் எழுத்தெல்லாம் பத்திரமாக இருக்கும், படங்கள் எல்லாம் போயிருக்கும்.

மீடியாவிக்கிக்கே உரிய பொறி ஒன்று உண்டு. முதல்முறை ஓடும்போது அது கேள்விகள் கேட்டு, 'லோக்கல்செட்டிங்ஸ்' என்ற அமைப்புக் கோப்பை உருவாக்கி நம்மிடம் தரும்; அதைச் சர்வரில் வைத்து கன்டெய்னருக்குள் இணைக்க வேண்டும். கோப்பு கிடைக்கும் முன்பே கம்போஸில் அந்த இணைப்பு வரியை எழுதிவிட்டால், இல்லாத கோப்பின் பெயரில் டாக்கர் தானே ஒரு காலிக் கோப்புறையை உருவாக்கிவிடும். அப்புறம் விக்கி ஏன் எழும்பவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். முதலில் அந்த வரி இல்லாமல் ஓட்டுங்கள்; கோப்பு கைக்கு வந்த பிறகு வரியைச் சேருங்கள்.

இதைவிட ஆபத்தானது ஃபயர்வால் விவகாரம். உபுண்டுவில் 'யுஎஃப்டபிள்யூ' என்ற காவலை இயக்கி, எல்லா வாசலையும் மூடிவிட்டோம் என்று நம்பியிருப்போம். டாக்கர் லினக்ஸின் பாக்கெட் விதிகளில் நேரடியாகக் கைவைப்பதால், கம்போஸில் திறந்த போர்ட் அந்தக் காவலைத் தாண்டி உலகத்துக்கே திறந்திருக்கும். தரவுத்தளத்துக்குப் போர்ட் திறக்கவே வேண்டாம். இரண்டு கன்டெய்னரும் உள்ளுக்குள் பேசிக்கொள்ளும். விக்கியின் போர்ட்டையும் 127.0.0.1 என்ற உள்முகவரிக்கு மட்டும் கட்டிவிட்டு, முன்னால் காடி போன்ற ஒரு சிறு வெப் சர்வரை நிறுத்தினால் பாதுகாப்புச் சான்றிதழையும் அதுவே வாங்கி, அதுவே புதுப்பித்துக்கொள்ளும்.

பதிப்பு எண்ணுக்குப் பதில் 'லேட்டஸ்ட்' என்று எழுதும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஒருநாள் தெரியாத்தனமாக இமேஜைப் புதுப்பிக்க, மென்பொருள் ஒரு பெரிய பதிப்பு தாவியிருக்கும், தரவுத்தளத்தின் அமைப்பு பழையதாகவே நிற்கும். மீடியாவிக்கியில் நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் உண்டு. 2024 இறுதியில் வந்த 1.43 அப்படிப்பட்டது. அதில் நின்றுகொண்டு, சின்னத் திருத்தங்களை மட்டும் ஏற்றுக்கொண்டு வந்தால் போதும். இதில் அவசரப்பட்டு முந்துவதால் ஒரு லாபமும் இல்லை.

தமிழ் எழுதும்போது

ஆங்கிலக் கையேடுகள் சொல்லாத சிக்கல்கள் தமிழில் வரும். 'கொடைக்கானல்' என்பது நம் கணக்கில் ஆறு எழுத்து. கணினியின் கணக்கில் அது 11 குறியீடு. ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால் 33 பைட். மீடியாவிக்கியில் ஒரு பக்கத்தின் தலைப்பு 255 பைட்டைத் தாண்டக் கூடாது. ஆங்கிலத்துக்கு அது 255 எழுத்து, தமிழுக்கு 85 குறியீடு. இதுகூடப் பரவாயில்லை. தரவுத்தளமே இல்லாமல் வெறும் உரைக்கோப்புகளில் எல்லாவற்றையும் வைக்கும் டோக்குவிக்கி என்ற இன்னொரு விக்கி மென்பொருள், நிறுவியபடியே விட்டால், கோப்பின் பெயரில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டையும் ஒன்பது ஆங்கிலக் குறிகளாக மாற்றி எழுதும். லினக்ஸில் கோப்பின் பெயருக்கும் 255 பைட்தான் எல்லை. ஆகத் தலைப்பு ஏறத்தாழ 27 தமிழ்க் குறியீட்டுக்கு மேல் போகாது. 'மன்னவனூர் ஆட்டுப் பண்ணை வரலாறு' என்று வைத்தாலே எல்லையைத் தொட்டுவிடும். அமைப்பில் கோப்புப் பெயர் முறையை யூடிஎஃப்-8 என்று மாற்றினால் சரியாகிவிடும், ஆனால் முதல் பக்கம் எழுதும் முன்பே மாற்ற வேண்டும்.

தேடலும் சண்டித்தனம் செய்யும். மரியாடிபியின் வழக்கமான தேடல், சொல் அப்படியே ஒத்துப்போனால்தான் கண்டுபிடிக்கும். 'பூண்டு' என்று தேடினால் 'பூண்டை', 'பூண்டுக்கு' எல்லாம் அதற்கு வேறு சொற்கள். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் 12ஆம் பதிப்பு முதல், அதாவது 2019 முதல், தமிழ்ச் சொல்லின் உருபைக் கழித்து அடிச்சொல்லைப் பார்க்கும் வசதி இருக்கிறது. மீடியாவிக்கியோ மரியாடிபியோடுதான் இணக்கமாக நடக்கும். தனித் தேடல் எந்திரம் வைக்கலாம், அது விக்கியைவிட அதிக நினைவகம் தின்னும். இதற்கு நான் சொல்லும் வழி எளியது: தமிழ் விக்கிப்பீடியாக்காரர்கள் 'வழிமாற்று' என்று சொல்வதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஒரு மரத்துக்கு நான்கு ஊரில் நான்கு பெயர் என்றால் நான்கையும் வழிமாற்றாகப் போட்டு ஒரே பக்கத்துக்கு அனுப்புங்கள். தேடலும் நடக்கும், எந்தப் பெயர் எந்த ஊரில் என்ற அரிய தகவலும் பதிவாகும்.

இன்னொன்று: கன்டெய்னருக்குள் தமிழ் எழுத்துரு இருக்காது. உலாவியில் பக்கம் அழகாகத் தெரியும். தமிழில் ஊர்ப்பெயர் எழுதிய வரைபடத்தை எஸ்விஜி கோப்பாகப் பதிவேற்றினால், சர்வர் அதைப் படமாக மாற்றும்போது பெரியகுளமும் பண்ணைக்காடும் கட்டம் கட்டமாக வந்து நிற்கும். இமேஜில் நோட்டோ தமிழ் எழுத்துருவைச் சேர்க்க இரண்டு வரி போதும்.

யார் படிக்கலாம்?

எல்லாமே எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று வாதிடுகிறவன் இல்லை நான். 1987இல் அகத்தியமலைப் பக்கம் போன ஆராய்ச்சியாளர்களுக்கு உடன்வந்த காணிக்காரப் பழங்குடியினர் களைப்புப் போக்கத் தின்னக் கொடுத்த காய்தான் ஆரோக்கியப்பச்சை என்று உலகறிந்தது. அதிலிருந்து 'ஜீவனி' மருந்து வந்தது, வருமானத்தில் காணிகளுக்குப் பங்கு என்ற ஏற்பாடும் வந்தது. அங்கே பங்கு கேட்கவாவது ஒரு நிறுவனம் எதிரில் இருந்தது. பளியர் சொன்ன மருந்துக் குறிப்பை விக்கியில் திறந்து வைத்தால், அதை எடுத்துக்கொண்டு போவது யாரென்றே தெரியாது. அபூர்வமான ஆர்க்கிட் செடி நிற்கும் சரியான இடத்தை எழுதினாலும் அப்படித்தான். அடுத்த வாரம் செடி இருக்காது.

மீடியாவிக்கியில் சில பக்கங்களை மட்டும் சிலருக்கு மறைக்க நினைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். எல்லோரும் படிக்கத்தான் அது கட்டப்பட்டது. ரகசியத்துக்கு அது ஏற்றதல்ல என்று அதை எழுதியவர்களே சொல்லிவிட்டார்கள். ஆகவே இரண்டு விக்கி வையுங்கள் என்பேன். ஊருக்குச் சொல்லக்கூடியது மீடியாவிக்கியில். மூத்தோரும் விக்கியை நடத்தும் குழுவும் மட்டும் பார்க்க வேண்டியது புக்ஸ்டாக் என்ற வேறொரு விக்கி மென்பொருளில். அலமாரி, புத்தகம், அத்தியாயம், பக்கம் என்று அடுக்கிவைத்து, எதை யார் படிக்கலாம் என்று தனித்தனியாகப் பூட்ட அதில் முடியும். கம்போஸ் கோப்பு இன்னொன்று, அவ்வளவுதான் கூடுதல் வேலை. எதை எந்த விக்கியில் வைப்பது என்பதைச் சொன்னவர்களே முடிவு செய்யட்டும். கணினி தெரிந்தவர் முடிவு செய்யக் கூடாது.

திறந்த விக்கிக்கு வேறு வகை விருந்தாளிகள் வருவார்கள். கணக்குத் தொடங்கும் உரிமையைச் சும்மா விட்டால் ஒரே வாரத்தில் சூதாட்ட விளம்பரத்தால் நிரம்பிவிடும். மீடியாவிக்கியோடு வரும் நீட்சி ஒன்றில் நாமே கேள்வி எழுதி வைக்கலாம். பூம்பாறைக் கோயிலில் இருப்பது எந்த வேலப்பர் என்று தமிழில் கேளுங்கள். 'குழந்தை' என்று மேல்மலைக்காரர் யோசிக்காமல் சொல்வார், பொதுவான விளம்பர எந்திரம் திணறும். செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களுக்காகத் தரவு அள்ளும் எந்திரங்கள் வேறு ரகம். அவை எழுதுவதில்லை, ஒவ்வொரு பக்கத்தின் ஒவ்வொரு பழைய திருத்தத்தையும் திறந்து படிக்கின்றன. தங்களுக்கு அதிகச் செலவு வைக்கும் போக்குவரத்தில் 65 விழுக்காடு எந்திரங்களுடையது என்று விக்கிமீடியா அறக்கட்டளை 2025இல் சொன்னது. அவர்களே தவிக்கும்போது பழைய லேப்டாப் எம்மாத்திரம்? வரலாற்றுப் பக்கங்களை உள்நுழைந்தவர்களுக்கு மட்டும் காட்டுவது நல்லது.

மின்சாரம் போன பிறகு

சர்வர் மலையில் இருக்க வேண்டுமா, சமவெளியிலா? குளிர் நல்லதுதான், மின்விசிறி அலறாது. ஆனால் ஈரமும் இடியும் இருக்கின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல் கொடைக்கானலையும் விடவில்லை. மரங்கள் விழுந்து சாலை அடைபட்டது, மின்சாரம் போனது. வீட்டு இன்டர்நெட் இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு வெளியுலகம் தொடர்புகொள்ளும் தனி முகவரியும் கிடையாது. ஆகவே விக்கியைச் சென்னையிலோ மும்பையிலோ வாடகை சர்வரில் ஓட்டுங்கள். மலையில் அதன் படிக்கும் பிரதி ஒன்றை வையுங்கள். ஒரே கோப்பாகச் சுருட்டிய விக்கியை இணையம் இல்லாமல் படிக்க உதவும் கிவிக்ஸ் என்ற மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. மன்னவனூர்ப் பள்ளியில் ஒரு ராஸ்பெரி பை வைத்து வைஃபை விட்டால், இணையம் இல்லாத நாளிலும் பிள்ளைகள் பூண்டு நோய்ப் பக்கத்தைப் படிப்பார்கள்.

எழுதத் தொடங்க நல்ல பொருள் ஒன்றும் கையில் இருக்கிறது. கொடைக்கானலில் நீலக்குறிஞ்சி 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்தது 2030. இடைப்பட்ட ஆண்டுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூப்பவற்றை யாரும் ஒரே இடத்தில் குறித்து வைப்பதில்லை. தொடர்ந்து குறித்து வைப்பதன் மதிப்பைச் சூரிய ஆய்வகத்தில் பார்க்கலாம். அதன் பெருமை, வானியலாளர் எவர்ஷெட் 1909இல் சூரியப் புள்ளியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டதோடு முடியவில்லை. அவருக்குப் பின் வந்தவர்களும், வானம் தெளிந்த நாளெல்லாம் படம் எடுத்துத் தேதி போட்டு வைத்தார்கள். இன்றைய ஆய்வாளர்கள் கேட்பது அந்தத் தொடர்ச்சியைத்தான். குறிஞ்சிக்கு அப்படி ஒரு பக்கம், தேதியும் இடமும் படமுமாக இப்போதே தொடங்கினால் 2030க்கு முன் சில ஆண்டுகளின் பதிவு சேர்ந்துவிடும்.

கடைசியாக பேக்கப். ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே நகலெடுப்பது பேக்கப் ஆகாது. பாதி எழுதிய நிலையில் கிடைக்கும். மரியாடிபியின் 'டம்ப்' கருவியால் இரவுதோறும் ஏற்றுமதி செய்து, படக் கோப்புறை, லோக்கல்செட்டிங்ஸ், கம்போஸ் கோப்பு ஆகிய மூன்றையும் சேர்த்து வேறோர் ஊரில் இருக்கும் கணினிக்கு அனுப்ப வேண்டும். டொமைன் பெயரைப் புதுப்பிக்கும் கணக்கு ஒரே இளைஞரின் மின்னஞ்சலில் இருக்கக் கூடாது; அவர் வேலை கிடைத்து ஓசூருக்குப் போய்விடுவார். பாஸ்வேர்டுகள் குறைந்தது மூன்று பேரிடம் இருக்கட்டும், ஒருவர் பெண்ணாக, ஒருவர் ஊரைவிட்டு நகராதவராக. வருடத்துக்கு ஒருமுறை, மழை ஓய்ந்த தை மாதத்தில், பழநியிலோ வத்தலக்குண்டிலோ ஒரு வெறும் லேப்டாப்பை எடுத்து, முந்தைய இரவின் பிரதியை மட்டும் கொண்டு விக்கியை எழுப்பிப் பாருங்கள். அதைச் செய்பவர் நிறுவியவராக இருக்கக் கூடாது. படங்கள் வருகின்றனவா, வழிமாற்றுகள் வேலை செய்கின்றனவா, போன வாரம் எழுதிய பக்கம் இருக்கிறதா என்று அவர் பார்த்துச் சொல்லட்டும். இல்லை என்றால், அசல் சர்வர் உயிரோடு இருக்கும்போதே தெரிந்துவிட்டது.